இரண்டு எக்ஸ்ரே படங்கள்

இப்போதெல்லாம் ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகங்களில் நல மையம் இருக்கிறதாம். உடம்பைப் பார்க்க ஒருவர், மனசைக் கேட்க ஒருவர், மற்ற உதவிக்கு ஒரு அலுவலகம். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஐம்பதுகளில் நான் படித்த இடத்தில் இந்த மூன்றும் ஒரே அறையில் இருந்தன. மூன்றையும் ஒரே அம்மாள் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறை, ஒரு மேஜை, ஒரு எடை மெஷின், கால் ஆடும் ஒரு நாற்காலி. அந்த அம்மாள் ஒரு டாக்டர், வாரத்தில் சில நாள் மட்டும் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல் வந்தால் அது நம்முடைய தலையெழுத்து.

டாக்டரம்மா ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தும் பேச்சு மட்டும் ராயபுரத்தை விட்டு நகரவில்லை. நாக்கை நீட்டச் சொல்வார், முதுகில் விரலால் தட்டிப் பார்ப்பார், எடை பார்ப்பார். எல்லாம் முடிந்து மருந்தும் எழுதிக் கொடுத்த பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்த்து, "வேற?" என்பார். அவ்வளவுதான். பதில் வரும்வரை அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டார். தலைவலி என்று உள்ளே போனவர்கள் பலர் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் அழுததில்லை. எனக்கு அழுகிற சுபாவம் கிடையாது. எரிந்து விழுகிற சுபாவம்தான்.

எங்கள் ஊர் திருவள்ளூர். தினமும் பாசஞ்சர் ரயிலில் பட்டணத்துக்குப் போய், சாயங்கால வண்டியில் திரும்புவேன். எங்கள் தெருவில் பட்டப்படிப்புக்கு மேல் படிக்கப் போன முதல் பெண் நான். ஏரித் தண்ணீரில் வளரும் பாசிகளைப் பற்றிய ஆராய்ச்சி. "குளத்துல தேய்ச்சுக் கழுவற பாசியையா படிக்கறே? அதுக்கா ரயில் சார்ஜ்?" என்று பக்கத்தாத்து மாமி கேட்டாள். மாமிக்குப் பாசி வழுக்கும் என்பது மட்டும் தெரியும். அதற்குமேல் தெரிந்துகொள்ள அவள் விரும்பவுமில்லை.

படிக்க அனுப்பியவர் அப்பா. கோயிலில் பெருமாள் முன் நின்று பாசுரங்களைக் குரலெடுத்துச் சொல்லும், எங்கள் பேச்சில் சேவிக்கும், கோஷ்டியில் அவர் முன்வரிசை. எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு வைத்தியர் என்றே பெயர். அமாவாசை வந்தால் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பால் ஆந்திராவிலிருந்தும் ஜனம் வந்து சேரும். குளத்தில் வெல்லத்தைக் கரைத்து, உடம்பில் இருக்கும் நோய் இப்படிக் கரையட்டும் என்று வேண்டிக்கொண்டு போவார்கள். அந்தக் கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் கேட்கும் குரல் அப்பாவுடையது. நீண்ட அடி ஒன்றை ஒரே மூச்சில் சேவித்து நிறுத்துவார். அப்புறம் ஒரு இருமல். அவர் இருமினாலும் சுருதி சேரும் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

தை மாதம் கழிந்த சமயம். எனக்குச் சாயங்காலமானால் லேசாக உடம்பு காய்ந்தது, கூடவே இருமலும் வந்தது. ரயிலில் உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் வருஷத்துக்கொருமுறை டாக்டரம்மாவிடம் உடம்பைக் காட்டியாக வேண்டும் என்பது விதி. காட்டினேன். முதுகில் தட்டிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி அதே இடத்தில் தட்டினார். உடனே எக்ஸ்ரே எடுக்கச் சீட்டு எழுதினார். படம் வந்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வலது நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக இருந்த ஒரு திட்டைக் காட்டினார்.

"டி.பி. ஆரம்பந்தான். பயப்படாத, மருந்து கீது. ஆனா இன்னிலேருந்து லேபுக்குள்ள கால் வெக்கக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"ஜூன் மாசம் தெறக்கறப்ப நான் கையெழுத்து போட்டா உள்ள வரலாம். போடலன்னா உன் எடம் போயிடும். படத்தப் பாத்ததும் உங்க புரொபசர்கிட்ட பேசிட்டேன், ஒரு பையன் காத்துக்கினு கீறானாம்."

எனக்கு நோயைப் பற்றிய பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். ஒண்டிக்கட்டையாக ஒரு பெண் அத்தனை பேர் வாயையும் சமாளித்து ஒரு மேஜையைப் பிடித்திருக்கிறாள், அதில் இன்னொருவன் வந்து உட்காருவதா? ஜூன் மாதம் நான் உள்ளே வருவேன் என்று அந்த ஆடும் நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டேன். அந்தக் கையெழுத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். சளி சுத்தமாக வேண்டும், எடை ஏற வேண்டும், வீடு சரியாக இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"ஊட்ல வேற யாருக்காவது இருமல் கீதா?"

"இல்லை" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

"தனியா இரு. தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனி. துப்பறத டப்பால துப்பி மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்து. நல்லா சாப்புடு. முட்டை?"

"எங்க ஆத்துல ஆகாது."

"தெரியும். கேட்டு வெச்சேன். பால் குடி, வேர்க்கடலை தின்னு." பேனாவை மூடினார். "வேற?"

"ஜூன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

மேஜையில் வரிசையாக இருந்த என் கண்ணாடித் தட்டுகளில் பாசி வளர்ந்துகொண்டிருந்தது. ஏரித் தண்ணீர் மாற்றாவிட்டால் ஒரே வாரத்தில் செத்துப்போகும். அதை ஏற்றுக்கொண்டவர் பக்கத்து மேஜைக்காரர். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம், அவருடைய வாப்பாவுக்குக் கருவாடும் கயிறும் வியாபாரம். நான் வராந்தாவில் எட்ட நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல வேளையாக அனுதாபம் எதுவும் காட்டவில்லை. "ஊருக்குப் போறப்பல்லாம் ஏரித் தண்ணி எடுத்துக்கினு வர்றேன். நீங்க வர்ற வரைக்கும் உங்க பாசி என் பொறுப்பு. ஒண்ணு செத்தாலும் எழுதிப் போடறேன்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பால், வேர்க்கடலையைவிடத் தெம்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் ஒப்பித்தேன். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் என்றதும் அம்மாவின் முகத்தில் கவலையோடு கவலையாக ஒரு தெளிவு வந்தது. இது அவளுக்குத் தெரிந்த வித்தை. கொல்லைப்புறத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் தூரமாக உட்காரும் அறை ஒன்று இருந்தது. குனிந்து நுழையும் கதவு, ஜன்னல் கிடையாது. சாயங்காலத்துக்குள் அதைச் சாணி போட்டு மெழுகி, பாயை விரித்து, என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அம்மா விதியில் ஒன்றும் தவறவில்லை. தட்டை எட்ட நின்று தள்ளி வைப்பாள். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவாள். நானே தட்டைக் கழுவி நானே கவிழ்க்க வேண்டும். நான் தொட்ட துணி மற்ற துணியோடு சேராது. டாக்டரம்மா சொன்ன அத்தனையும் அந்த வீட்டில் காலங்காலமாக நடந்துவந்த காரியந்தான். ஜன்னலைப் பற்றி டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அம்மாவும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. வெளிச்சமில்லாமல் பாசிகூட வளராது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான்.

தெருவுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. நான் ஆராய்ச்சிப் புஸ்தகம் எழுதுகிறேன், யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று அம்மா சொல்லி வைத்தாள். ஆராய்ச்சி என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் நம்பினார்கள். "மாசக்கணக்கா எழுதறாளே, அச்சாபீஸ்காரன் தாங்குவானோ?" என்று மாமி மட்டும் கேட்டாள்.

அந்த இருட்டு அறையில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது ஒரு நேரத்தைத்தான். வெயில் சாய்ந்ததும், கோயிலுக்குக் கிளம்புமுன் அப்பா வருவார். கோயிலுக்காகக் குளித்து மடியாக இருப்பவர், என்னைத் தொடக்கூடாது. ஆனால் அறை வாசற்படிக்கு வெளியே மணையைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, எனக்காகச் சேவிப்பார். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சந்தை சொல்லிக் கற்றுக்கொண்ட பாசுரங்கள். அந்தக் குரல் அந்தச் சின்ன அறையை நிறைத்துவிடும். அவர் முன்னால் குனிந்து, குரல் உள்ளே நன்றாக வரட்டும் என்று சேவிப்பார். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பதற்கில்லை.

மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கினேன். வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய வில்லைகள் அவை. வயிற்றைப் புரட்டும். புரட்டினால் புரட்டட்டும் என்று மறுபடி விழுங்குவேன். ஊரில் ஒரு கம்பவுண்டர் கொல்லை வழியாக வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். குறிப்பிட்ட நாட்களில் அம்மாவோடு ரயிலேறி டாக்டரம்மாவிடம் போவேன். எடை மெஷினில் ஏறுவேன். முள் முன்பு நின்ற இடத்துக்கே வந்து நிற்கும், இல்லாவிட்டால் அதற்கும் கீழே. சாயங்காலக் காய்ச்சலும் விடவில்லை. சித்திரை பிறந்தும் இதே கதை.

அன்றைக்கு டாக்டரம்மா மெஷினையே உதைத்துப் பார்த்தார். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

"மருந்து துன்றியா, குப்பைல போடறியா?"

"ஒரு வேளைகூட விடலை."

"அப்ப எங்கியோ ஓட்டை கீது. உக்காரு. கார்த்தால கண்ண முழிக்கறதுலேருந்து படுக்கற வரைக்கும் இன்னா இன்னா பண்றேன்னு வரிசையா சொல்லு. ஒண்ணு வுடாத."

சொன்னேன். பின்னறை என்றேன், ஜன்னல் இல்லை என்றேன். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்கே எனக்கு ஒரு பாட்டு விழப்போகிறது என்று தெரிந்தது. ஆனாலும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. மத்தியானத் தூக்கம், வேர்க்கடலை, அப்பா மணையைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவது.

"எவ்ளோ நேரம் உக்காருவாரு?"

"இருமல் வர வரைக்கும் சேவிப்பார். அப்புறம் எழுந்து கோயிலுக்குப் போயிடுவார்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்கு இருமல்?"

"அப்பாவுக்கு."

"ஊட்ல யாருக்கும் இருமல் இல்லன்னு சொன்னியே?"

"இது இருமல் இல்லை டாக்டர். சேவிக்கறவாளுக்கெல்லாம் இருக்கறது. விடியக்காலம் பனியிலே குரலெடுத்துச் சேவிச்சு வரது. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா இருக்கு."

"இருமல் இல்லாத இருமலா? நான் படிச்ச புஸ்தகத்துல அது இல்லியே."

அவர் குரலில் கேலி இருந்தது, கண்ணில் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் நான் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். சேவிக்கிறவரின் இருமல் என்பது எங்களுக்குத் திருமண் மாதிரி, பெருமாளுக்குச் செய்த கைங்கர்யத்தின் அடையாளம். மிளகும் பனங்கற்கண்டும் வாயில் போட்டுக்கொண்டால் அடங்கும். அதை நோய் என்று நினைக்க எங்களுக்கு வாய்க்கவில்லை. என்னைத் தீட்டு என்று ஒதுக்கி வைத்து, மடியானவர் என்று அவரை என் வாசற்படியில் உட்கார வைத்திருந்தோம்.

"ரெண்டு விஷயம்" என்றார் டாக்டரம்மா. "இன்னிக்கே அந்தப் பொந்தை வுட்டு வெளிய வா. மாடி கீதா? மாடில படு. ஊரு பாத்தா பாக்கட்டும். ரெண்டாவது, அப்பாவ இட்டுக்கினு வா. அவரு படத்தப் பாக்காம உன் காகிதத்துல என் கையெழுத்து வுழாது. ஜூன்ல உன்ன உள்ள வுட்டு, ஆகஸ்ட்ல மறுபடி இதே கதையோட நீ வந்து நிக்கறதுக்கா?"

வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். டாக்டரம்மாவுக்குத் தாழ்ந்த குரல் கிடையாது. வண்டி திருநின்றவூர் தாண்டியதும், "உங்கப்பா வரமாட்டார்" என்றாள்.

"வருவார்" என்றேன்.

அன்றைக்கே கயிற்றுக் கட்டிலை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். வெயில் தணியாத நேரம், தெரு முழுக்கப் பார்த்தது. பக்கத்து மாடியில் வடாம் எடுத்துக்கொண்டிருந்த மாமி, "புஸ்தகம் முடிஞ்சுதா?" என்றாள். "புஸ்தகம் இல்லை மாமி, டி.பி." என்றேன். மாமி வடாத்தை அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். சாயங்காலத்துக்குள் எங்கள் பக்கம் பார்த்த ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. அதே மாமிதான் மறுநாள் காலை, சுவரோரமாக ஒரு சொம்பு பாலை வைத்து, "சொம்பைத் திருப்பித் தர வேண்டாம்" என்று கத்திவிட்டுப் போனாள். பயமும் பரிவும் ஒரே சொம்பில் வந்தன. நான் பாலைக் குடித்தேன்.

அப்பாவிடம் பேசுவதுதான் மலையாக இருந்தது. வழக்கம்போல் மணையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். நான் மேலிருந்து, "வராதீங்கோ அப்பா, அங்கேயே நில்லுங்கோ" என்றேன். பாதிப் படியில் நின்று என்னைப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணுமில்லை. சேவிக்கறவனுக்கு இருமல் வராம, தவில் வாசிக்கறவனுக்கா வரும்?"

"படத்தை எடுத்துப் பார்த்துடலாமே. ஒண்ணுமில்லேன்னா நல்லதுதானே."

"ஊரெல்லாம் வைத்தியரைத் தேடிண்டு இங்கே வரது. அவர் சன்னிதியிலே நிக்கறவன் பட்டணத்துல போய் வைத்தியம் பார்த்துக்கறதா? பாக்கறவா என்ன சொல்லுவா?"

"பெருமாள் அவர் வேலையைப் பண்ணட்டும். டாக்டரம்மா அவா வேலையைப் பண்ணட்டும். நீங்க படம் எடுத்துக்கலேன்னா என் இடம் போயிடும்."

"உன் இடத்துக்கும் என் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சம்பந்தம் என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்களிடமிருந்துதான் எனக்கு வந்திருக்கும் என்று அந்த மனிதரைப் பார்த்து எப்படிச் சொல்வது? நாட்கள் போயின. நான் விடவில்லை. அவர் கோயிலுக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் மாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னிக்குப் போலாம்?" என்பேன். அவர் நிமிர்ந்தே பார்க்கமாட்டார். பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இதற்கு நடுவே பழவேற்காட்டுக்காரரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஒரு தட்டுப் பாசி செத்துவிட்டது, மற்றதெல்லாம் பச்சென்று இருக்கிறது, சீக்கிரம் வரவும் என்று எழுதியிருந்தார்.

காரியத்தை முடித்தவள் அம்மா.

ஒரு மத்தியானம் அப்பா கோயிலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காரப் போனார். நான் மாடிப்படியின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் இலை இல்லை. கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில், மூலையில், பின்னறையில் நான் சாப்பிட்ட அதே மாதிரி ஒரு தட்டும் ஒரு டம்ளரும் இருந்தன. அம்மா எட்ட நின்று சாதத்தைத் தட்டில் சரித்தாள். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினாள்.

"என்ன இது?" என்றார் அப்பா.

"இனிமே உங்களுக்கும் இப்படித்தான்."

"நான் என்ன தூரமா?"

"குழந்தையை எதுக்குத் தள்ளி உக்கார வெச்சேன்? இருமல்னுதானே. உங்களுக்கும் இருமல்தானே. எனக்கு அவ்வளவுதான் தெரியும்." "ஒருத்தருக்கு ஒரு நியாயம், ஒருத்திக்கு ஒரு நியாயம்னு என்னால பண்ண முடியாது."

எங்கள் வீட்டில் அந்த மூலையில் ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்ததில்லை. அப்பா குனிந்து தட்டைப் பார்த்தார். தட்டை உதைப்பார், அல்லது சாப்பிடாமல் வெளியே போவார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார். தலை நிமிராமல் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது, நான் இத்தனை மாதமாகச் செய்ததைப் பார்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கழுவி, சுவரோரம் கவிழ்த்தார். அவருக்கு நன்றாகக் கழுவத் தெரியவில்லை, சாதப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை பஞ்சகச்சம் கட்டி, திருமண் இட்டு, மேல்துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

ஸ்டேஷனில் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்த ஒருத்தி, "இன்னா சாமி, காலங்காத்தால கெளம்பிக்கினீங்க, ஊட்ல எதுனா விசேஷமா?" என்றாள்.

"நெஞ்சைப் படம் பிடிச்சுக்கப் போறேன்" என்று உரக்கச் சொன்னார். பிளாட்பாரத்தில் எங்கள் தெருக்காரர்களும் நின்றார்கள். முடிவு செய்துவிட்டால் அப்பா மறைத்துச் செய்கிற ஆள் இல்லை. அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே நான் நின்றேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. அப்பா மேல்துண்டை எடுத்துவிட்டு அந்தத் தகட்டில் மார்பை ஒட்டிக்கொண்டு நின்றார். "மூச்ச நல்லா இழுத்து அப்பிடியே புடிங்க சாமி" என்றான் படம் எடுப்பவன். நீண்ட அடியை ஒரே மூச்சில் சேவிப்பவர் இழுத்துப் பிடித்தார். இருமல் வந்துவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி வந்தது. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. வராந்தாவின் கோடிக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் நான் என் மேஜைக்குத் திரும்பினேன், பட்டமும் வாங்கினேன். காத்துக்கொண்டிருந்த பையனுக்கு வேறு மேஜை கிடைத்தது. அப்பா கோஷ்டியை விட்டு விலகி இருந்தார். மருந்தை வேளை தவறாமல் சாப்பிட்டு, சளி சுத்தமான பிறகு திரும்பப் போய் முன்வரிசையில் நின்றார், இருமலில்லாமல் சேவித்தார். கோஷ்டியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. மே மாதக் கடைசியில் மாடிப்படிக்குக் கீழே அந்த அறையில் நடந்ததைத்தான்.

மாடியில் படுக்க ஆரம்பித்த பிறகு எனக்குக் காய்ச்சல் நின்றிருந்தது. முள் ஏறியிருந்தது. சளிப் பரிசோதனை சுத்தம் என்று வந்திருந்தது. டாக்டரம்மா என் படத்தையும் அப்பாவின் படத்தையும் ஜன்னல் கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் செருகினார். என்னுடையதில் உச்சியில் ஒரு சின்னத் திட்டு. அப்பாவுடையதில் இரண்டு பக்கமும் பழைய தழும்பும் புதிய வெண்மையும் கலந்து கிடந்தன. படிக்கத் தெரியாதவர்களுக்கும் எது முந்தியது என்று அதில் தெரியும்.

டாக்டரம்மா அப்பாவுக்கு மருந்தைச் சொன்னார், மாடியின் மறுகோடியில் படுக்கச் சொன்னார். "கோஷ்டியிலே நிக்கப்படாது, இல்லையா?" என்று அப்பாவே கேட்டார். "இப்பத்திக்கு வாணாம் சாமி" என்றார் டாக்டரம்மா. அப்பா தலையை ஆட்டினார். அப்புறம் டாக்டரம்மா என் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்துக்கு மேலாக நான் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்த கையெழுத்து அது. கோணலாக இருந்தது. எனக்கு என்னவோ உள்ளுக்குள் ஒன்றும் குதிக்கவில்லை.

பேனாவை மூடினார். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார்.

"வேற?"

அப்பா ஆடும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண் ஜன்னலில் இருந்தது.

"குழந்தைக்கு இது... என்கிட்டேர்ந்துதானே?"

டாக்டரம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ரயில்ல வந்ததுப்பா. அந்தக் கூட்டத்துல எத்தனை பேர் இருமறா. அங்கேதான் ஒட்டிண்டிருக்கும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எடை மெஷினைப் பார்த்தார். அடுத்த ஆளைக் கூப்பிட மணியைத் தட்டினார். அப்பா மெதுவாக எழுந்து, "ஆமாம், ரயில்ல கூட்டம் ஜாஸ்திதான்" என்றார்.

சாயங்கால வண்டியில் கூட்டமே இல்லை. என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அப்பா அங்கே உட்காரவில்லை. எதிர்ப் பலகையின் கோடியில், ஜன்னலோரமாக உட்கார்ந்து, மேல்துண்டை நாலாக மடித்து வாயை மூடிக்கொண்டார். திருவள்ளூர் வரும்வரை அதை எடுக்கவில்லை.